பவ்யாவுக்கு ஒரு கைக்குட்டை

பெங்களூர் போகும் காலை ரயிலில், கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் ரயில் புறப்படுகிற மாரிகுப்பத்திலேயே ஏறிவிடுகிற ஐடா அக்கா, பக்கத்து ஜன்னலோர சீட்டில் கைக்குட்டை போட்டு வைப்பார். அது எனக்கு. பல வருஷமாக எனக்குத்தான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை பார்த்தால், எனக்கு முன்னால் ஏறிய பவ்யா கைக்குட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"பின்னாடி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க வாணிம்மா. பவ்யாவாண்ட ஒரு விஷயம் பேசணும்," என்றார் ஐடா அக்கா.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பெங்களூரில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் நான் ஹெச்.ஆர். மேனேஜர். பவ்யா எனக்குக் கீழே வேலை செய்கிறவள். இன்டர்வியூவுக்கு வந்தவளை, நம்ம ஊர் பாலகாட் பக்கத்துப் பெண்ணாயிற்றே என்று எடுத்ததே நான்தான். பில்லிங் செக்‌ஷனில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். ஐடா அக்கா, மஞ்சுநாத், என் தம்பி உதய், எல்லாரும் அங்கேதான். இனி பில் போடும் வேலையை ஏ.ஐ. செய்யப்போகிறது. அது போடும் பில்லில் தப்பு கண்டுபிடிக்கச் சில பேர் போதும். அந்தச் சில பேரைப் பரீட்சை வைத்துப் பொறுக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்ப வேண்டும். இரண்டும் என் தலையில்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன். என்ன பயம் இருந்தாலும் சொல்லுங்கள் என்றேன். ரயிலில் வாணிம்மா என்கிறவர்கள் என் அறைக்குள் வந்ததும், "ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் ஓகே" என்றார்கள். அதே ஆட்கள் பவ்யாவிடம் பேசினால் பெங்களூர் வரைக்கும் பேச்சு ஓய்வதில்லை. நான் கிட்டே போனால் கப்சிப். போதாக்குறைக்கு டைரக்டர் ஹரிஷ்குமார், "பவ்யாவுக்கு ஜனங்களோட நாடி தெரியுது வாணி" என்று என்னிடமே சொன்னார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் கட்டிவருகிற காட்டன் புடவைகூடப் பிடிக்காமல் போயிற்று. என்னிடம் இல்லாத எதை இவள் வைத்திருக்கிறாள்?

சனிக்கிழமை மார்க்கெட்டில் மஞ்சுநாத்தின் மனைவி மமதாவைப் பார்த்தேன். நாளைக்கு இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள் என்றேன்.

"எங்க மேடம், ஞாயித்துக்கெழமைன்னா ஐடா அக்கா வூட்ல பவ்யா கிளாஸ் இருக்குதே," என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு கத்தரிக்காய் விலையைக் கேட்கப் போய்விட்டாள்.

கிளாஸா? எனக்குத் தெரியாமலா? அங்கேயே நின்று ஹரிஷ்குமாருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "சார், பரீட்சை எழுதப்போறவங்களுக்கு பவ்யா ரகசியமா கிளாஸ் எடுக்கிறா. நாளைக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்." அனுப்பியதும் மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

ஞாயிறு மத்தியானம் ஐடா அக்கா வீட்டுக்குள் செருப்புக் காலோடு விறுவிறுவென்று நுழைந்தேன். எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பவ்யா வேண்டுமென்றே தப்பு வைத்துத் தானே தயாரித்த பில்களை லேப்டாப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். கோலாருக்குப் போன லோடுக்கு மும்பை வாடகை போட்ட பில், ஒரே லோடுக்கு இரண்டு முறை போட்ட பில். பரீட்சைக் கேள்வி எதுவும் அதில் இல்லை. கேள்விகள் என்னிடம் மட்டும்தான் இருந்தன. முன்வரிசையில் உதய்.

"நீ இன்னாடா இங்க? தெரியலன்னா என்னாண்ட கேக்கமாட்டியா?"

"உன்னாண்ட எப்டிக்கா கேக்கறது? தெரியலன்னு சொன்னா, யாரை அனுப்பணும்னு நீ முடிவு பண்ணிடுவ இல்ல?"

"நான் உன் அக்காடா!"

"வூட்லதான் அக்கா. ஆபீஸ்ல நீதான பொறுக்கப்போற?"

ஐடா அக்கா எழுந்து வந்தார். "கோல்டு மைன்ஸ் மூடினப்ப எங்கப்பாவுக்கு செட்டில்மென்ட் குடுத்தாங்க. வேற வேலை ஒருத்தரும் சொல்லித்தரல. இந்தப் பொண்ணு சொல்லித்தருது. கோச்சிக்காத வாணிம்மா."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் தம்பியையும் அல்லவா எடுத்துக்கொண்டாள் இவள்! அந்த நேரம் பார்த்து ஹரிஷ்குமார் போன் செய்தார்.

"விசாரிச்சீங்களா வாணி? ஹெச்.ஆர். ஆளே ரகசியமா சொல்லிக்கொடுத்தா அது தப்பு. அங்க இருக்கிற யாரும் பரீட்சை எழுதக்கூடாது. பேரெல்லாம் அனுப்புங்க. பவ்யாவை நாளைக்கு நான் கவனிச்சுக்கறேன்."

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. உதய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேரெல்லாம் என்றால் அதில் அவன் பேரும்தான்.

"சார், நான் அவசரப்பட்டுட்டேன். கிளாஸ் எடுக்கச் சொன்னதே நான்தான். கேள்வி எதுவும் வெளிய போகல. நாளையிலிருந்து ஆபீஸ்லயே செக்‌ஷன் முழுசுக்கும் நடத்தலாம்னு இருக்கேன்."

ஹரிஷ்குமாருக்குப் போனிலும் ஊருக்கே கேட்கிற குரல். "உங்க ஐடியாவா? நேத்து வேற மாதிரி சொன்னீங்களே. சரி, நல்ல ஐடியாதான். கேள்வித்தாளை வேற ஆளை விட்டுத் தயாரிக்கச் சொல்றேன். ஆனா ரகசியமா நடத்தின பவ்யா வேணாம், நீங்களே நடத்துங்க."

பேச்சு முழுவதும் பவ்யாவின் காதில் விழுந்திருந்தது. "இது நான் ஆரம்பிச்சது மேடம்," என்றாள். ஒரு மாதமாக நான் கண்ணாடியில் பார்த்த அதே முகம், இப்போது அவளுக்கு.

நான் பொறாமைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. அவள் கிளாஸ், அவள் ஜனங்கள், 'நல்ல ஐடியா'. அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் ஒரு பில். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

அவளைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது, அப்போதும்.

"எனக்கு இது ஒண்ணுமே தெரியாது பவ்யா. நாளைக்கு நான் நின்னு நடத்தணும். முதல்லருந்து சொல்லிக்குடு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல செருப்பைக் கழட்டிட்டு வாங்க மேடம்."