பெருநாள் ஆட்டின் சாட்டை

பஸ்மினாவின் வாடகை உடுப்புக் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பொம்மை மனிதன் வெறுங்கையோடு நின்றான். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கநூல் குஞ்சம், தலையில் உயரத் தொப்பி, முழங்கால் வரை கறுப்புச் சப்பாத்து. சர்க்கஸில் சிங்கத்தை ஆட்டிவைக்கிற ஆள். கோட்டை அவளேதான் வெட்டித் தைத்தாள். குஞ்சம் கட்ட மட்டும் நாலு நாள் போனது. என்ன இருந்தென்ன, கையில் சாட்டை இல்லாதபடியால் ஆள் பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவன் மாதிரித்தான் தெரிந்தான்.

சும்மா அழகுக்குச் செய்த வேலையல்ல அது. கல்முனைக் கடற்கரைத் திடலில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் களியாட்டம் வைக்கப்போகிறார்கள். அதை நடத்துகிற சாலிஹ், அறுபது பேருக்கான உடுப்பையும் ஒரே கடையில் வாடகைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பஸ்மினாவின் கடையா, நிந்தவூர் இன்ஷாப்பின் கடையா என்பதுதான் பேச்சு. டோஹாவில் இருக்கிற புருஷன் முஸ்தாக்குக்கு ஒவ்வொரு போன் கோலிலும் ஒரே பாட்டு: "அந்தக் கடையை மூடு புள்ள. பள்ளிக்கூடத்து வினோத உடைப் போட்டியை நம்பி ஆரும் கடை வைப்பாங்களா?" இந்த ஓடர் கிடைக்காவிட்டால் மூடிவிடுகிறேன் என்று அவளும் வாயை விட்டுவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே.

சாட்டைக்கு அவள் படாத பாடில்லை. போனில் தேடிப் பார்த்தால், வெளிநாட்டுத் தோல் சாட்டை ஒன்றின் விலைக்கு மூன்று மாதக் கடை வாடகை கட்டலாம். மலிவாக ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வந்தது றெக்சின். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்பு மணம். பொம்மையின் கையில் வைத்தால் வத்தாளங்கொடி மாதிரிச் செத்துத் தொங்கியது. பக்கத்துக் கடை றம்லா வந்து பார்த்துவிட்டு, "இதைக் கண்டா சிங்கம் சிரிச்சே மௌத்தாப் போகும்" என்றாள். றம்லா அப்படித்தான். மனதில் ஒரு சொல்லையும் மிச்சம் வைக்கமாட்டாள்.

அப்போதுதான் தம்பிலுவில் ஊர் யசோதினியின் பேஸ்புக் பக்கம் கண்ணில் பட்டது. இடுப்பு வார், தோல் பை எல்லாம் பின்னி விற்கிற பிள்ளை. விஞ்ஞானம் படித்தவள். படிப்பிக்கிற வேலை கிடைக்கும் மட்டும் என்று தொடங்கியவள், வேலை கிடைத்த பிறகும் விடவில்லை. பஸ்மினா கோல் எடுத்தாள்.

"சாட்டை பின்னலாம் அக்கா, நான் பழகி வெச்சிருக்கன். ஆட்டுத்தோல் திறம். தோலை நீங்க தந்தா செய்கூலி மட்டும்தான். கனக்க வராது."

தோலா? அது வீட்டிலேயே கிடந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முஸ்தாக் அனுப்பிய காசில் ஒரு ஆடு வாங்கி அறுத்துக் குர்பான் கொடுத்திருந்தாள். முந்தியெல்லாம் தோல் சேர்க்கிறவர்கள் வீடு வீடாக வந்து கொண்டுபோவார்கள். இந்த முறை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தூக்கி எறிய மனம் வராமல் உப்புப் போட்டுச் சுருட்டிக் குசினிக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதை அரிசிப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்த மனிதர் அக்கரைப்பற்று வரும் மட்டும் யன்னலுக்கு வெளியேதான் மூச்சு விட்டார்.

யசோதினி தோலை விரித்துத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "வெட்டினாப் பிறகு துண்டு மிஞ்சும் அக்கா. அதை எனக்கு விட்டீங்கெண்டா கூலியில கழிச்சிவிடுறன்."

"அது ஏலா தங்கச்சி. குர்பான் தோல். விக்கவும் கூடா, கூலியாக் குடுக்கவும் கூடா. பெருநாள் வந்தாப் பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல வருசா வருசம் சொல்லுவாங்க. துண்டை நீ சும்மா எடு, என்ட அன்பளிப்பு. கூலியை முழுசாத் தாறன்."

யசோதினி சிரித்தாள். பஸ்மினாவுக்கு உள்ளுக்குள் பெருமை. மார்க்கத்தை விட்டுக்கொடுக்காமல் காரியத்தையும் முடித்தாயிற்று என்ற பெருமை. பாவம், அவளுக்கு அப்போது சட்டத்தில் பாதிதான் ஞாபகம் இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது தோல் பதமாகி, சாட்டை தயார். யசோதினி அதை மடியில் வைத்துச் சுருள் சுருளாக அவிழ்த்தாள். கைப்பிடிப் பக்கம் பெருவிரல் மொத்தம். பன்னிரண்டு வாராகத் தொடங்கிய பின்னல், போகப் போக எட்டாகி, நாலாகி, கடைசியில் ஒரு நூல் குஞ்சத்தில் முடிந்தது. எந்த இடத்தில் வார் குறைகிறது என்று பஸ்மினா விரலால் தடவித் தேடினாள். தையல்காரியின் விரல் அது, இலேசில் ஏமாறாது. அதற்குக்கூட அகப்படவில்லை.

"பார்க்க மட்டும்தானே கேட்டீங்க. ஆனா இது வேலையும் செய்யும். கடற்கரைக்கு வாங்க" என்றாள் யசோதினி.

கடற்கரையில் வலைக் கிழிசல் பொத்துகிறவர்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. யசோதினி பஸ்மினாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். பலம் போட்டு வீசவுமில்லை. கைப்பிடியில் ஒரு வளையம் புறப்பட்டது. சாட்டை நெடுக ஓடியது. ஓட ஓடச் சிறுத்தது. நுனிக்குப் போனதும் ஒரு வெடி.

தோணிகளில் இருந்த காகம் அத்தனையும் எழும்பிவிட்டன. வலை பொத்திய இரண்டு பேரும் சட்டென்று மணலோடு மணலாகக் குனிந்தார்கள், யுத்த காலத்துப் பழக்கம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்கள். பஸ்மினா குனியவில்லை. நெஞ்சில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள்.

"ஒண்டிலயும் படல்லயே தங்கச்சி. சத்தம் எங்க இருந்து வந்த?"

"காத்தில இருந்து அக்கா. கை மெதுவாத்தான் வீசுது. ஆனா சாட்டை மெலிய மெலிய வேகம் கூடிக்கொண்டு போகும். கடைசியில நுனி, சத்தம் போற வேகத்தையே தாண்டிப் போகும். அந்தத் தாண்டுற வெடிதான் நீங்க கேட்டது."

"ஆட்டுத்தோலா தாண்டுது?"

"உங்கட ஆட்டிட தோல்தான்."

பஸ்மினா சாட்டையைக் கையில் வாங்கினாள். முதல் வீச்சில் அபாயாவின் ஓரம் சுற்றிக்கொண்டது. இரண்டாவது முதுகில் ஒன்று வைத்தது. நன்றாகவே வைத்தது. ஆறாவதோ ஏழாவதோ, கையை வெறுமனே விட்டபோது, அவளுக்கு முன்னால் காற்று வெடித்தது. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. இந்த ஆடு அவள் கையால் பலாக்குழை தின்ற ஆடு. கத்தக்கூடத் தெரியாத சாது. அதன் தோலுக்குள் இவ்வளவு காலமும் இப்படியொரு சத்தம் இருந்திருக்கிறது. "ஸுப்ஹானல்லாஹ்" என்று அவள் மெல்லச் சொன்னாள்.

சாட்டை கைக்கு வந்ததும் பொம்மை மனிதன் ஆளாகிவிட்டான். றோட்டால் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். றம்லா வந்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். பஸ்மினாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

சாலிஹ் வந்ததும் நேரே கண்ணாடிக்குள் கையை விட்டுச் சாட்டையை எடுத்தார். தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். உண்மையான சாமான். அறுபது உடுப்பும் உங்கடதான், எழுதுங்க தங்கச்சி. சாட்டைக்குத் தனியா வாடகை போடுங்க, கேக்கிறதைத் தாறன். என்ன தோல் இது?"

"எங்கட பெருநாள் ஆடு, சாலிஹ் நானா" என்றாள் பஸ்மினா பெருமையாக. சொன்ன வாய் மூடவில்லை, பில் புத்தகத்தில் பேனை நின்றுவிட்டது.

விற்கக் கூடாது. கூலியாகக் கொடுக்கக் கூடாது. வாடகைக்கும் விடக் கூடாது. தான் பாவிக்கலாம், சும்மா கொடுக்கலாம், இரவல் கொடுக்கலாம். பள்ளி ஸ்பீக்கரில் கூடாத மூன்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். வாடகைக் கடை நடத்துகிறவளுக்கு அந்த மூன்றாவதுதானா மறக்க வேணும்? அவளுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சாட்டைக்கு வாடகை இல்ல நானா. குர்பான் தோல். இரவலாத்தான் தரலாம்."

"அதுவும் நல்லந்தான். உடுப்போட சும்மா வருது."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவள் பேனையை மூடி வைத்தாள். "உடுப்பு எடுத்தாத்தான் சாட்டை எண்டா அதுவும் வாடகைதானே நானா, பேர்தான் வேற. சாட்டை தனி. உடுப்பு எடுத்தாலும் எடுக்காட்டியும், கேக்கிற ஆக்களுக்கு இரவல்."

சாலிஹ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வியாபாரி அல்லவா, எங்கே அமுக்க வேணும் என்று தெரியும். "ஆருக்கும்? இன்ஷாப் உங்களை விடக் குறைச்சுச் சொல்லியிருக்கான். அவன்ட உடுப்பை எடுத்துப்போட்டு உங்கட சாட்டையைக் கேட்டாலும் தருவீங்களா?"

பஸ்மினா தைத்த கோட்டைப் பார்த்தாள். நாலு நாள் கட்டிய குஞ்சத்தைப் பார்த்தாள். முஸ்தாக்கின் பாட்டும் காதில் கேட்டது. ஆனால் சாலிஹின் கையில் இருந்த சாட்டைக்கு முன்னால் பொய் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. கடற்கரையில் வந்த அதே பயம்.

"ஓம் நானா. தருவன்."

கொடுத்ததோடு விடவில்லை. தெரியாமல் வீசினால் காதைக் கொண்டுபோகும் என்று சொல்லி, வாசலுக்கு வந்து ஒருதரம் அடித்தும் காட்டினாள். வெடித்த வெடியில் இரண்டு ஆட்டோ நின்றுவிட்டது. சாலிஹ் சாட்டையைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் கோல் வந்தது. "கோவிக்காதீங்க தங்கச்சி. உடுப்பு இன்ஷாப்பிடதான். நான் கணக்குப் பார்க்கிற மனுசன்." பஸ்மினா வெட்டு மேசைக்குப் பின்னால் குந்தி அழுதாள். நன்றாக அழுதாள். றம்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உனக்கென்ன விசரா? சாட்டையையாவது திருப்பிக் கேள்" என்றாள். பஸ்மினா கேட்கவில்லை.

களியாட்டம் தொடங்கிய அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு முஸ்தாக் கோல் எடுத்தார். திடல் கடைக்குப் பின்னால் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். மேளம், பாட்டு, பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் கடைக்குள் நின்றாலே கேட்கும். பொம்மை மனிதன் பழையபடி வெறுங்கையோடு நின்றான்.

"ஓடரும் போயிட்டு. சொன்னபடி மூடு புள்ள. எப்ப மூடுற?"

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது மேளம் நின்றது. பாட்டு நின்றது. அடுத்ததாக அந்த வெடி. கூரைத் தகரம் அதிர்ந்தது. கல்முனைக் காகம் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. அதற்குப் பிறகு ஒரு அமைதி. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடிய திடலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பஸ்மினாவின் கண் தானாக நிறைந்தது.

"என்ன புள்ள அது? என்ன வெடிச்ச?" டோஹாவுக்கே கேட்டிருக்கிறது.

"நீங்க காசு அனுப்பி வாங்கின ஆடு. எங்கட பெருநாள் ஆடு."

திடலில் கைதட்டல் தொடங்கி, அடங்கி, திரும்பவும் தொடங்கியது. அதையும் முஸ்தாக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில், "அப்ப கடை?" என்று கேட்டார். இந்த முறை குரலில் அந்தப் பழைய பாட்டு இல்லை.

பஸ்மினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொம்மை மனிதனின் கோட்டுக் கையை நேராக்கிவிட்டாள்.

"இரவல் போன சாமான் திரும்பி வரணுமே" என்றாள். "அது வரக்குள்ள கடை திறந்திருக்க வேணாமா?"