ஓடைக்கு அந்தாண்ட

ஜவ்வாது மலையில் அருணகிரியின் ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊர் பிரிந்து எல்லை போட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. எல்லை ஓடையாக இருந்தால் அதில் தண்ணீர்கூட மொள்ளக் கூடாது. அருணகிரி ஊர்க்கவுண்டர். மீறியவர்களுக்கு அபராதம் போடுகிற ஆளே மீற முடியுமா?

அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மார்கழியில் முன்சீப்பின் ஆள் வந்து தமுக்கடித்து, "சட்டசபைத் தேர்தலுக்குப் புதுசா எல்லை பிரிச்சிருக்காங்கோ! ஓடைக்கு இந்தாண்ட திருப்பத்தூரு, அந்தாண்ட போளூரு!" என்று சொல்லிவிட்டுப் போனதும், மறுநாளே அவர் ஓடையைத் தாண்டினார். மகள் சுந்தரம்மாளுக்குப் பரிசமாக வந்திருந்த சாமை மூட்டையையும் சேலையையும் சம்பந்தி கோபால்சாமி வீட்டில் இறக்கி வைத்தார். கோபால்சாமியும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

மனைவி அம்மாக்கண்ணுதான் கத்தினாள். "எவனோ கோடு போட்டான்னு எம்பொண்ணு வாழ்க்கையைக் கெடுப்பியா?" அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுந்தரம்மாள் அழவில்லை. பக்கத்தில் ஓடிய ஓடையை விட்டுவிட்டு, இரண்டு மைல் தள்ளியிருந்த சுனைக்குக் குடத்தோடு நடக்க ஆரம்பித்தாள்.

மாசியில் தேர்தல் நாள் விடிந்தபோது எதிர்க்கரையில் மேளம் கேட்டது. சுந்தரம்மாளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை, கோபால்சாமியின் மகன் சின்னராசுக்கு அன்றைக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம். பொழுது சாயத் தாலி. அருணகிரி தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கினார். நிலத்தீர்வை கட்டுகிறவருக்குத்தான் அப்போது ஓட்டுரிமை என்பதால் அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் ஓட்டு. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, மறைப்பானேன்.

ஓட்டுச் சாவடியில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தவர் அடிவாரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் பிலிப்ராஜ். "ஏங்க, இந்த எல்லை எங்க பேரப்புள்ளைங்க காலத்துலயாவது அழியுங்களா?" என்று அருணகிரி கேட்டார்.

"இன்னா எல்லை?"

"ஓடை எல்லைங்க. அதுக்காவ எம்பொண்ணு சம்பந்தத்தையே முறிச்சிட்டேன்."

பிலிப்ராஜின் பேனா நின்றுவிட்டது. "அடப்பாவமே! எந்த ஊரு ஓட்டு எந்த மெம்பருக்குன்னு தெரியறதுக்குப் போட்ட கோடுங்க அது. உங்க ஊரையும் உறவையும் யாருங்க பிரிச்சாங்க? அடுத்த தேர்தலுக்கு வேற பக்கமாக்கூட போடுவாங்க."

அருணகிரிக்கு அப்போதுதான் புரிந்தது. வழக்கத்தைக் காத்துவிட்டதாக நினைத்து, பெற்ற மகள் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறார்! வாத்தியார் ஓட்டுச் சீட்டை நீட்டியது அவர் கண்ணில் படவில்லை. ஓடினார். தலைப்பாகை முள்ளில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஏறினார். இன்னும் பொழுது இருக்கிறது, இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினார்.

ஓடைக்கு வந்தபோது வெயில் மரங்களின் உச்சியில் மிச்சம் இருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பார், எதிர்க்கரையில் மேளம் கெட்டியாகக் கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். அவர் நடு ஓடையில் நின்றுவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது சுந்தரம்மாள் சுனையிலிருந்து வந்து குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். நனைந்த வேட்டியைப் பார்த்தாள். "இன்னாப்பா, எல்லையில எறங்கிட்டியா?"

அவர் சொன்னார். ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

அவள் இறக்கிய குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அப்போ நாளையிலருந்து ஓடையிலயே தண்ணி மொள்ளலாமாப்பா?" என்று கேட்டாள்.