மயிலம்மாள் அடுப்பின் புகை

மலாயா அவசரகாலத்தின் மூன்றாம் ஆண்டில், மயிலம்மாள் புதுக் குடியிருப்பில் அடுப்பு மூட்டினால், புகை ஒன்றரைக் கட்டைத் தொலைவுக்கு அப்பால், ஆளில்லாத பழைய லயத்தின் கூரையிலிருந்து எழுந்தது. அவள் வீட்டில் விறகு எரிந்தது, சோறும் வெந்தது, கண் மட்டும் கரிக்கவில்லை.

லிங்கி ஆற்றங்கரைக் காட்டை ஒட்டிய தோட்டத் தொழிலாளர் லயங்களை அரசாங்கம் அவ்வாண்டுதான் காலி செய்திருந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போகக் கூடாது என்பது காரணம். குடும்பங்கள் லாரியில் ஏற்றப்பட்டு, போர்டிக்சன் சாலையோரம் முள்கம்பி வேலிக்குள் இறக்கப்பட்டன. பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலார் அவர்களைத் தம் பொறுப்பாக ஏற்றனர். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இராஜமாணிக்கத்தின் தலைமையில் ஆண்கள் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்தனர். பெண்கள் வீடுதோறும் சென்று, அந்தந்த வீட்டுக்காரியைக் கொண்டே பால் காய்ச்ச வைத்தனர். மயிலம்மாளின் வீட்டில் மட்டும் தயங்கினர். அவள் கணவன் சன்னாசி முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்து, பழைய லயத்தின் பின்புறம் புதைக்கப்பட்டிருந்தான். தாலியறுத்தவள் கையால் புதுவீட்டில் பால் பொங்கலாகாது என்று, மண்டோரின் மனைவி பஞ்சாலை, நல்லெண்ணத்துடனேயே, தானே பொங்க வைத்தாள். மயிலம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

புகையை முதலில் கண்டவர்கள் இராணுவத்தினர். பழைய லயத்துக்குச் சென்று தேடினர். அடுப்பு சூடாக இருந்தது; சாம்பல் இல்லை; காலடித் தடமும் இல்லை. அது மயிலம்மாள் இருந்த வீடு என்று விசாரித்தறிந்த அதிகாரி, அவள்தான் காட்டுக்காரர்களுக்கு ஆக்கிப்போட ஏற்பாடு செய்கிறாள் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் புகை நிற்காவிட்டால் அவளை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதென்றும் முடிவு செய்தார். மயிலம்மாள் இம்மண்ணில் பிறந்தவள். நாகப்பட்டினத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பதென்றுகூட அவளுக்குத் தெரியாது.

கோயிலார் கூடி, அடுப்பை இடித்துக் கட்டலாமா, பூசை போடலாமா என்று ஆராய்ந்தனர். கடைசியில்தான் அவளைக் கேட்டனர்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு மண்டோரே. பால் பொங்க வெச்சது பஞ்சாலக்கா. வீடு அவங்களத்தான் வீட்டுக்காரின்னு நெனைச்சிருக்கு. எம் பொகை அந்தப் புது வீட்டுல எப்படித் தங்கும்?"

"இத நான் அந்த வெள்ளக்காரன்கிட்டப் போயி எப்படிலா சொல்றது?" என்றார் இராஜமாணிக்கம்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் பஞ்சாலை. "தப்பு என்னுது. மயிலு, நீயே பொங்க வை. பேசுறவங்கள நான் பாத்துக்கிறேன்."

வியாழக்கிழமை காலை, பஞ்சாலை வாசலில் நிற்க, மயிலம்மாள் பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்த வேளையில், பழைய லயத்தின் திசையிலிருந்து புகை ரப்பர் மரங்களுக்கிடையே வந்தது. ஆள் உயரத்தில், ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. வேலிவாயிலில், எல்லாரையும் போலச் சோதனைக்கு நின்றது. காவலர் கையை நீட்டினார், பிறகு தாழ்த்திக்கொண்டார். புகை மயிலம்மாளின் வீட்டுக்குள் நுழைந்ததும், உள்ளே ஓர் ஆண் இருமும் ஓசை கேட்டது.

மயிலம்மாள் கரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க, பால் ஆறுது," என்றாள்.

அதன்பின் பழைய லயத்தில் புகை எழவில்லை; கப்பல் பேச்சும் எழவில்லை. இருமல் மட்டும் தொடர்ந்தது. வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருவரையும் காணாமல், இருமலைக் கேட்டுத் திரும்பினார். மறுவாரம் முதல் பங்கீட்டில் அவளுக்கு இருவருக்கான அரிசி அளக்கப்பட்டது. அவசரகாலம் முடியும்வரை, அதில் ஒரு பிடியும் மீந்ததில்லை.