இறுக்காத போல்ட்டுகள்

"காரைக் கீழே இறக்குங்கப்பா."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

முன்சக்கரங்களைத் தாங்கும் புதுக் கண்ட்ரோல் ஆர்ம்களை அண்ணன் கர்ட் ஆசையாக வாங்கி வைத்திருந்தான். அவன் இறந்த வாரமே அப்பா அவற்றை அவனுடைய பழைய காரில் மாட்டினார். கார் தன் எடையோடு தரையில் நின்ற பிறகுதான் அவற்றின் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். நாலு வருஷமாகக் கார் ஸ்டாண்டின் மேலேயே நிற்கிறது.

"இறுக்கிட்டா அவன் வேலை முடிஞ்சிரும்டி."

"முடியட்டும். நம்ம வீட்ல முதல் டிகிரி என்னோடது. அதை நான் வாங்குறதைப் பார்க்கக்கூட இந்த கராஜை விட்டு நீங்க வரலை."

"காலேஜ் போனா வாய் நீளுமோ?"

"நீளும். செத்தது அவன்தான்ப்பா, நான் இல்லை."

அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

தொலைவில் டென்வர் நகரத்தில் கிடைத்த வேலைக்குக் காலையிலேயே சம்மதம் அனுப்பியிருந்தேன். கராஜ் கதவைச் சாத்தாமல் வெளியே நடந்தேன்.