பல்லி போகாத பெட்டி

கோபிகா மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள்ளால் நடந்தபோது அதன் வயர் மாமியின் காலில் தட்டியது. வீட்டில் உருப்படியாகச் சுழலும் விசிறி அது ஒன்றுதான். அதுவரை கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் கால்மாட்டில் நின்று, சுற்றியிருந்த பெண்களுக்கு வீசிக்கொண்டிருந்தது.

"உதை எங்கை கொண்டு போறாய்?" என்று மாமி கேட்டார். அவர் அப்பாவின் தங்கை. காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது.

"கம்பியூட்டருக்கு மாமி. சூடாகுது. நிண்டுபோனால் தம்பி பாக்கேலாது."

"நல்ல கதை. இஞ்சை மனுசருக்கு வேர்க்கேல்லையோ?"

கோபிகா அறைக்குள் போனாள். வைகாசி வெயிலில் கோப்பாய் முழுவதும் அவிந்துகொண்டிருந்தது. விசிறியை மேசைக்கு அருகே வைத்து, முழு வேகத்தில், கம்பியூட்டரை உள்ளே வைத்துப் பூட்டியிருந்த மரப்பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டாள். ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தேக்குப் பலகைக்கு வெளியே காற்றடித்தால் உள்ளே இருப்பதற்கு என்ன குளிர்ச்சி?

திரையில் அப்பா உள்ளங்கை அளவில் கிடந்தார். தலைமாட்டில் குத்துவிளக்கு, மேலே வெள்ளைத் துணி கட்டிய முகடு. யன்னல் கம்பியில் கட்டிவிட்ட கமரா பிடித்து அனுப்புகிற படம் அது. திரையின் மூலையில் தம்பி றஜிந்தனின் முகம். கனடாவில் அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. கைபேசியில் காட்டிப் பார்த்தார்கள், படம் துண்டு துண்டாகத்தான் போனது. வீட்டில் நல்ல இணைப்பு இருந்தது இந்தக் கம்பியூட்டருக்கு மட்டும்தான். அதை ஓட்டத் தெரிந்தவள் கோபிகா மட்டும்தான். அதனால் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த நேரத்திலிருந்து, பத்தடி தள்ளிக் கிடக்கும் அப்பாவை அவளும் தம்பியைப்போலத் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைனை விட்டிடாதை அக்கா," என்றான் தம்பி. "சவப்பெட்டியை மூடுமட்டும் பாக்கவேணும். எனக்கு வேறை என்ன கிடக்கு?"

"ஓம்."

"இனி அம்மாவுக்கும் நீதானே. நான் வாற வரைக்கும் தனிய விட்டிடாதை."

அவன் எப்போது வருவான் என்பது அவனுக்கே தெரியாது. அதற்கும் கோபிகா "ஓம்" என்றாள். அந்தச் சொல் அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அந்தப் பெட்டியை அப்பாதான் செய்தார். சிவசுப்பிரமணியத்தார் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பூட்டாத பொருளை அவர் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. சைக்கிளுக்குப் பூட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பூட்டு, கிணற்று வாளிக்குக்கூடச் சங்கிலியும் பூட்டும். கோபிகாவுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தபோது அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அங்கை இருந்து செய்யிறதை இஞ்சை இருந்து செய்யேலாதோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். கேட்ட கையோடு இணைப்பும் எடுத்துக் கொடுத்தார். லண்டன் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பதிகிற வேலையையும் அவளாகவே தேடிக்கொண்டாள். அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். அவள் வீட்டுக்குள்ளேயே முப்பத்துநான்கு வயதானாள்.

பிறகு ஒரு மாரியில், கம்பியூட்டரின் தகரப் பெட்டிக்குள் பல்லி ஒன்று புகுந்து கருகிச் செத்தது. கம்பியூட்டரும் அதோடு போனது. அப்பா பழைய அலுமாரியைக் கழற்றி, விறாந்தையில் போட்டு அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசி, திருத்தி எடுத்த கம்பியூட்டருக்குப் புதுப் பெட்டி செய்தார். பக்கத்துக் கதவுக்கு அலுமாரியின் கதவையே வெட்டிப் போட்டார், பூட்டோடு. பார்த்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காத குறைதான். ஆனால் அதில் மருந்துக்கும் ஒரு ஓட்டை இல்லை. வயர் போகிற வெடிப்பைக்கூடத் துணியால் அடைத்திருந்தார்.

"காத்துப் போகவேணும் அப்பா. இல்லாட்டி நிண்டிடும்."

"ஓட்டை விட்டால் பல்லி போகும்."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் விசித்திரமானது. மத்தியானம் சூடேறும் நேரத்தில் அறைக்கு வருவார். அரைஞாண் கயிற்றில் கிடக்கும் திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறப்பார். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, கூட்டுகிற ஈர்க்குக்கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பல்லி வராமல் காவல் இருப்பார். அவள் திரையைப் பார்ப்பாள். அவர் சுவரைப் பார்ப்பார். வெயில் தாழ்ந்ததும் பூட்டிவிட்டுப் போவார். அன்புதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சு முட்டியது. முழங்கைக்கு அருகே கேட்கும் அந்த மூச்சுச் சத்தத்தைத் தாங்க முடியாமல், எழுந்து படலையைத் திறந்துகொண்டு எங்காவது ஓடிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். எழுந்ததில்லை.

நேற்று முன்தினம் காலையில் அப்பா கிணற்றடியில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவர், நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார். அதன்பிறகு பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை.

கோபிகா கையை வைத்துப் பார்த்தாள். பலகை காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுட்டது. காலையில் ஒருமுறை நின்று, திரும்பப் போட்டுப் படம் வரவைக்க நெடுநேரம் எடுத்தது. துவாயை நனைத்துப் பெட்டிமேல் போட்டாள். பிணைச்சல்கள் உள்பக்கம் இருந்ததால் கதவைக் கழற்றவும் வழியில்லை.

கூடத்தில் சித்தப்பாவின் குரல் கேட்டது. "வாய்க்கரிசி போடுற பொம்பிளையள் வாங்கோ. நேரம் போகுது."

ஆண்கள் சுடலையில் போடுவார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு வீட்டில்தான், இப்போதுதான்.

"தம்பி, ஒருக்காப் போட்டிட்டு வாறன்."

"இப்ப நிண்டால் திரும்பி வரமுந்தி மூடிப்போடுவினம் அக்கா. பக்கத்திலை இரு. கெஞ்சிக் கேக்கிறன்."

திரையில் அம்மா அரிசி போடுவதைப் பார்த்தாள். அடுத்தது மாமி. வரிசை குறைந்துகொண்டே வந்தது. துவாய் அதற்குள் காய்ந்திருந்தது. கோபிகா அறை வாசலுக்கு வந்து, முன்னால் நின்றவர்களின் தலைக்கு மேலால் கேட்டாள்.

"சித்தப்பா, அப்பாவின்ரை திறப்பு எங்கை?"

"அரைஞாணிலைதான் கிடக்கு. குளிப்பாட்டேக்கை கண்டனான். சுடலையிலை அறுக்கிறதுதானே எண்டு விட்டிட்டன்."

அவள் பெண்களை விலக்கிக்கொண்டு போய் அப்பாவின் பக்கத்தில் முழந்தாளில் இருந்தாள். மாமி அவளுடைய கையைப் பிடித்தார். "என்ன பிள்ளை செய்யிறாய்? உடுத்திவிட்ட பிறகு தொடப்படாது." கோபிகா கையை விடுவித்து, பட்டு வேட்டியின் ஓரத்தைத் தளர்த்திக் கயிற்றைத் தேடினாள். திறப்பு இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. அப்பாவின் முடிச்சு இலேசில் அவிழாது. அவள் நன்றாகக் குனிந்தாள். சந்தனமும் பவுடரும் மணத்தன. சவரம் செய்தவர்கள் தாடைக்குக் கீழே சின்ன இடம் ஒன்றை விட்டிருந்தார்கள். அதைத் திரையில் அவள் காணவில்லை.

அறைக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா, மறைக்கிறாய். கொஞ்சம் விலகு."

அவள் விலகவில்லை.

"அக்கா."

முடிச்சு அவிழ்ந்தது. திறப்பு கைக்கு வந்துவிட்டது. இப்போதே ஓடினால் பெட்டியைத் திறக்கலாம். அந்த நேரம் மாமி என்ன நினைத்தாரோ, கோபத்தை மறந்து, அவளுடைய மற்றக் கையில் அரிசியை வைத்தார். "வந்தனி, போடு."

கோபிகா போட்டாள். போட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. அப்படியே அவருடைய நெஞ்சில் வைத்துக்கொண்டு, சத்தமாக அழுதாள். அழுகைக்கு நடுவே தம்பியின் குரல் பாதியில் அறுந்தது அவளுக்குக் கேட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா தோளில் தொட்டு, "காணும் பிள்ளை," என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தாள். பிறகு மூடினார்கள்.

பறைமேளம் ஒழுங்கையால் போய்ப் பெரிய ரோட்டில் திரும்பியது. பெண்கள் படலையடியில் நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்து, வீட்டைக் கழுவினார்கள். அம்மாவை மாமி கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோபிகா தலையில் ஈரம் சொட்டச் சொட்ட அறைக்குள் வந்து பெட்டியின் கதவைத் திறந்தாள்.

உள்ளே சூடு ஆறிப்போயிருந்தது. கதவின் உட்பக்கத்தில், அப்பாவின் கதிரை எப்போதும் அவளுக்கு மறைத்த இடத்தில், பென்சிலால் வட்டங்கள் கீறப்பட்டிருந்தன. ஏதோ நாணயத்தை வைத்துக் கீறியிருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவு. ஒரேயொரு வட்டத்தின் நடுவில் மட்டும் துளைக்கத் தொடங்கிய அடையாளம் இருந்தது. பலகையின் பாதிவரைகூடப் போகவில்லை. எப்போது தொடங்கினார், ஏன் விட்டார் என்று இனி யாரைக் கேட்பது? அவள் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே மரத்தூள் இருந்தது.

மேசையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் அதை எடுக்காமல் கம்பியூட்டரைப் போட்டாள். படம் வந்தது. கழுவிய கூடம், ஒன்றும் இல்லாத ஈரத் தரை. தம்பியும் வந்தான்.

"எடுத்திட்டினமோ?"

"ஓம்."

அவன் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தான்.

"கடைசியா உன்ரை முதுகைத்தான் கண்டனான்," என்றான்.

அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. கிணற்றடியில் வாளியின் சங்கிலிச் சத்தம் கேட்டது. அம்மா அங்கிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, அதைத் திறந்தபடி விட்டிடாதை. பல்லி போகும்."

"ஓம் அம்மா."

அவள் பூட்டவில்லை. சுவரோரம் கிடந்த அப்பாவின் கதிரையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். ஈர்க்குக்கட்டு அதன் காலடியில் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.