மூணாவது கிராசுக்கு முதல் தண்ணீர்

ஜீவனஹள்ளியில் எது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் கிஷோருக்குத் தெரிந்துவிடும். சில சமயம் நடக்காவிட்டாலும் தெரிந்துவிடும். பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே, மீதி நேரத்தில் அவன் 'மூணாவது கிராஸ் முரசு' என்ற வாராந்தரிக்கு ஆசிரியராகவும் நிருபராகவும் இருந்தான். படிப்புக்குத்தான் மீதி நேரம் என்பது அவன் அம்மா சாந்தகுமாரியின் கருத்து.

முரசுக்கு அச்சகம் கிடையாது. கிராஸ் என்று அங்கே சொல்லும் குறுக்குத் தெருக்கள் மூன்றிலும் உள்ளவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு முறை வரும். 'இஸ்திரி வண்டியில் சட்டை மாறிப்போனதால் இருவர் அடுத்தவர் சட்டையில் நேர்காணலுக்குச் சென்றனர். இருவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. சட்டைகளைத் திருப்பித் தர இருவருமே மறுக்கிறார்கள்.' இப்படி. ஆச்சரியக்குறி போடுகிறவனுக்குத் தன் சரக்கில் நம்பிக்கை இல்லை என்பது ஆசிரியரின் கொள்கை. எழவு வீட்டுச் செய்தி சொல்பவன் முகத்தோடுதான் அவன் எல்லாவற்றையும் எழுதுவான். படிக்கிறவர்கள் அவரவர் வீட்டுச் செய்தி வரும்வரை விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எழுதிய தண்ணீர்ச் செய்தி இது:

'காவேரித் தண்ணீர் இந்த வாரமும் வழக்கம்போல மூணாவது கிராசுக்கு முதலிலும் ஒன்றாவது கிராசுக்குக் கடைசியிலும் வந்தது. வால்வுமேன் திரு. பெர்னார்டின் இந்த முடிவுக்குப் பின்னால் ஆழ்ந்த ஆய்வு உண்டு. ஆய்வுப் பொருள், பதினெட்டாம் நம்பர் வீட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மற்ற கிராஸ்காரர்கள் மனம் தளர வேண்டாம். சமையலை மாற்றிப் பார்க்கலாம்.'

பதினெட்டாம் நம்பர் வீடு அவன் வீடுதான். பெர்னார்ட், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். பதினைந்து வருஷமாக ஒன்று விட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மொபெட்டில் வருவார். ஆளுயர இரும்புச் சாவி ஒன்றை வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருப்பார். சாலை நடுவில் இருக்கும் மூடியைத் திறந்து, சாவியை உள்ளே விட்டு, கிணற்று ராட்டினம் போலச் சுற்றுவார். அப்புறம் வேலை எல்லாம் முடிந்து, ஏதாவது ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான் கிஷோருக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தால் ஒரு பத்திரிகைக்குப் போதும் என்று அவன் நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மொபெட் வரவில்லை. பைக்கில் அருண்குமார் என்ற புது ஆள் வந்தான். கையில் ஒரு தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. இனிமே வரிசைப்படிதான் விடணும்னு ஆபீஸ்ல ஆர்டர், அக்கா" என்றான், வாசலில் நின்ற சாந்தகுமாரியிடம்.

ஒன்றுக்குப் பின் இரண்டு வருவதை யார்தான் எதிர்க்க முடியும்? ஆனால் எட்டு மணிக்கு மூணாவது கிராசின் முறை வந்தபோது குழாய் 'புஸ்' என்று காற்றை விட்டது. இரண்டு சொட்டு துப்பியது. அதோடு சரி.

"பெர்னார்ட் அண்ணன் எங்கப்பா?" என்றாள் சாந்தகுமாரி.

"அவர் மேல கம்ப்ளெயிண்ட்டுக்கா. கருவாடு வாங்கிட்டுத் தண்ணி விடறார்னு பேப்பர்லயே வந்துடுச்சாமே."

சாந்தகுமாரி மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தாள்.

"பேப்பர் இல்லம்மா, வாட்ஸ்அப்" என்றான் கிஷோர், ஓர் ஆசிரியருக்கு இருக்க வேண்டிய துல்லியத்துடன்.

"டேய், நாம இருக்கறது மேடுடா! மொத ஒரு மணி நேரம்தான் தண்ணிக்கு மேல ஏறத் தெம்பு இருக்கும். அதுக்குள்ள நமக்கு விட்டுட்டு, அப்புறம் ரெண்டாவதுக்கு விட்டு, கடைசியாத்தான் ஒண்ணாவதுக்கு. அவங்க பள்ளத்துல இருக்காங்க, எப்ப விட்டாலும் தானா ஓடிப் போகும். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குக்கூடத் தெரியுமேடா இது!"

"எனக்குத் தெரியாதே."

"நீ பி.காம்."

"அப்ப அந்தக் குழம்பு?"

"எல்லா வேலையும் முடிச்சுட்டு வெறும் வயித்தோட போற மனுஷன். வீடு வீடா மொறை வெச்சுக் கொடுக்கறோம். ஒண்ணாவது கிராஸ்ல இட்லி கொடுப்பாங்க, நம்ம மொறை வந்தா நம்ம வீட்ல இருக்கறது. பெருசா கண்டுபிடிச்சுட்டான் எம்புள்ள!"

ஞாயிற்றுக்கிழமை அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவளே கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தாள். அதை நினைவூட்ட இது தக்க தருணமாகப் படவில்லை. கிஷோர் குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது கிராஸ் போர்வெல் குழாய்க்கு நடந்தான். அன்று மொத்தம் பன்னிரண்டு நடை. கடைசி நடையில், இருபது வருஷமாகத் தான் ஒரு மேட்டில் வாழ்ந்து வந்திருப்பது அவன் தோளுக்கு ஐயமறத் தெரிந்தது.

மாலையில் முரசின் சிறப்பு வெளியீடு வந்தது. நான்கு தடவை அடித்துத் திருத்தி, ஒரு வரியில்கூடக் குறும்பு இல்லாமல் எழுதியிருந்தான். 'திரு. பெர்னார்ட் மிக நேர்மையான மனிதர். யாரிடமும் எதையும் எதிர்பார்த்ததில்லை. இவரைப் போன்ற ஊழியர் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.'

ஐந்து நிமிஷத்தில் சிரிப்பு முகங்கள் மழையாகக் கொட்டின. "யாரிடமும் எதையும் எதிர்பார்த்ததில்லைன்னு போட்ட பாரு, அங்கதான் நான் அவுட்டு" என்று கூடப் படிக்கும் சஹானா எழுதினாள். "நான் நிஜமாகவே சொல்கிறேன்" என்று கிஷோர் குழுவில் போட்டான். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். முரசின் வரலாற்றிலேயே அதிகம் பாராட்டப்பட்ட இதழ் அதுதான்.

மறுநாள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தண்ணீர் ஆபீசுக்குப் போனான். அங்கே இன்ஜினியர் தேசிகன். தாத்தா காலத்திலிருந்து இந்தக் கன்னட ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். நல்ல மனிதர். கோப்பைப் பார்த்தார், கிஷோரைப் பார்த்தார்.

"நீதானாப்பா அந்த ரைட்டர்? எனக்குத் தமிழ் பேச வரும், ஆனா ஓதக்கே பரல்ல. படிக்க வராது. கம்ப்ளெயிண்ட் கொடுத்த அனந்தலக்ஷ்மி அம்மாதான் முழுக்கப் படிச்சுக் காட்டினாங்க."

"சார், அது காமெடி."

"காமெடியா? அவங்க படிக்கறச்சே ஆபீஸ்ல யாருமே சிரிக்கலையே."

ஒன்றாவது கிராஸ் அனந்தலக்ஷ்மி மாமி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் அவர் அதை வாசித்திருப்பார். நகைச்சுவை வழியிலேயே செத்துப்போக, செய்தி மட்டும் உயிரோடு ஆபீஸ் வந்து சேர்ந்திருக்கிறது.

"கம்ப்ளெயிண்ட் கொடுத்தவங்கதான் வாபஸ் வாங்கணும்" என்றார் தேசிகன். "மாசக் கடைசில பெர்னார்டோட கான்ட்ராக்ட் முடியறது. பேர்ல புகார் இருந்தா புதுப்பிக்க நான் கையெழுத்துப் போட முடியாது. இன்னிக்குத் தேதி இருபத்தாறு. சீக்கிரம் பாரு."

வெளியே, பழைய குழாய்களைப் போட்டுவைத்திருக்கும் கிடங்கின் வாசலில், கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் பெர்னார்ட் உட்கார்ந்திருந்தார். துருப்பிடித்த குழாய்களை யாரும் திருடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய தற்போதைய பணி.

"வாங்க எடிட்டர் சார்."

"கோவமா அங்கிள்?"

"கோவம் எதுக்குடா. ஆனா நெத்திலின்னு போட்ட பாரு, அது தப்பு. அன்னிக்கு வாளக் கருவாடு. பத்திரிகைன்னா கரெக்டா போட வேணாமா?"

பெர்னார்ட் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"இங்க வேலை ஒண்ணும் கஷ்டமில்லடா. காலைல ஆறு மணியானா இந்தக் கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது. எதையாச்சும் பிடிச்சுச் சுத்தணும்ங்குது. நேத்து என் வீட்டு கேஸ் சிலிண்டரையே மூணு தடவ திறந்து மூடிட்டேன். உங்க ஆன்ட்டி கத்தறா."

அன்று சாயங்காலம் கிஷோர் ஒன்றாவது கிராஸ் நாலாம் நம்பர் வீட்டு மணியை அடித்தான். அனந்தலக்ஷ்மி மாமி கதவைத் திறந்தார்.

"வாடாப்பா. உன் மறுப்பையும் படிச்சேன். இவ்வளவு புகழ்ந்தா சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாறது."

"மாமி, அதுதான் நிஜம். முதல்ல எழுதினதுதான் பொய்."

"முதல்ல எழுதினது பொய் மாதிரியே இல்லையே. ஆள் பேர், வீட்டு நம்பர், என்ன குழம்புன்னுகூட இருந்தது. ரெண்டாவதுல என்ன இருந்தது? நேர்மை, கொடுப்பினை. இதெல்லாம் எவன் வேணா எழுதுவான்."

அவனுடைய எழுத்தைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாக விமரிசனம் செய்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் மகிழ்ந்திருப்பான்.

"பதினஞ்சு வருஷமா எங்களுக்குக் கடைசித் தண்ணி" என்றார் மாமி. "மேடு, மேடும்பான் பெர்னார்ட். நானும் நம்பினேன். உன் நியூஸைப் பாத்தப்புறம்தான் ஓஹோன்னு தோணித்து. எங்காத்துல இட்லிதான் உண்டு. கருவாட்டுக்கு நான் எங்கடா போவேன்?"

கிஷோர் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவுமில்லை.

"நாளைக்குக் காலைல தண்ணி விடற நாள், மாமி. மேல வந்து ஒரு தடவ பாத்துடுங்க."

"முழங்கால் கேக்காதேடா. நான் அந்தப் பக்கம் ஏறியே ஏழெட்டு வருஷம் ஆறது."

"நானும் கூட வரேன்."

"எதுக்கு, எழுதறதுக்கா?"

"இல்ல மாமி. பிடிச்சுக்கறதுக்கு."

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு அவர்கள் கிளம்பியபோது ஒன்றாவது கிராஸ் வீடுகளில் தரைத்தொட்டி நிறைந்து, தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு கையால் கிஷோரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். மாவு மில்லருகே ஒரு தடவை நின்றார். தையல் கடையருகே இன்னொரு தடவை. அங்கே மூச்சு வாங்கியபடி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடுதான்" என்றார்.

ஒரு கணக்கு டீச்சர் விடையை ஒப்புக்கொள்வதை கிஷோர் முதல் தடவையாகப் பார்த்தான். குறுக்கே பேசாமல் இருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

மூணாவது கிராசில் பெண்கள் காலிக் குடங்களோடு வாசல் வாசலாக நின்றிருந்தார்கள். அருண்குமார் பாவம், வால்வை அடிவரை திறந்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். பதினெட்டாம் நம்பர் குழாய் இரைத்தது. மாமி அதற்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். காற்று மட்டும் பட்டது.

புகார் கொடுத்த மாமியைச் சாந்தகுமாரி பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று கிஷோர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"ஏறி வந்துருக்கீங்க, உக்காருங்க மாமி. குடிக்க ஏதாச்சும்…"

"கொஞ்சம் தீர்த்தம் போதும்மா."

உள்ளே போன சாந்தகுமாரி குடத்தை நன்றாகச் சாய்க்கும் சத்தம் கேட்டது. அடியில் இருந்ததை வழித்து ஊற்றும் சத்தம். மாமி அதைக் கேட்டார். வந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துவிட்டு, "ஒரு பேப்பர் கொண்டா" என்றார்.

கிஷோர் கணக்கியல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு பேனாவைத் திறந்தான்.

"நீ எழுதாதே. நீ எழுதினா மறுபடியும் சிரிப்பா."

அவரே எழுதினார், தேசிகன் படிப்பதற்காகக் கன்னடத்தில். புகாரை வாபஸ் வாங்குவதாகவும், சரிவை நேரில் பார்த்ததாகவும், வரிசை என்பது எண்ணில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்றும். கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் வரைந்து கோணத்தைக் குறித்திருந்தார். அது எதற்கு என்று கிஷோர் கேட்டான்.

"இன்ஜினியர்னா வெறும் எழுத்தை நம்ப மாட்டா" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மொபெட் சத்தம் மேட்டில் ஏறி வந்தது. சாந்தகுமாரி டீயோடு வாசலில் நின்றாள். பெர்னார்ட் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"கடைசி வால்வ மூடிட்டு வந்துதான் இனிமே டீகூட, அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

சாந்தகுமாரியின் முகம் ஒரு நொடி வாடியது. "ஆறிப்போனா சூடு பண்ணித் தரேன் அண்ணே, நீங்க வந்தாப் போதும்" என்று டீயை உள்ளே எடுத்துப்போனாள். போகிற போக்கில் மகன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கிஷோர் அதை நியாயமான தலையங்கமாக ஏற்றுக்கொண்டான்.

பெர்னார்ட் மூடியைத் திறந்து, சாவியை உள்ளே இறக்கி, கண்ணை லேசாக மூடிக்கொண்டு சுற்றினார். நிறுத்தினார். காதைத் தாழ்த்திக் கேட்டார். இன்னும் கால் சுற்று. பள்ளத்திலிருந்து ஏதோ கிளம்பி மண்ணுக்கடியில் மேலேறி வருவது கிஷோருக்கும் கேட்டது போல இருந்தது. குழாய் இருமியது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது, பிறகு குடத்தின் அடியில் கொட்டத் தொடங்கியது. தெரு முழுக்க அந்தச் சத்தம்தான்.

கிஷோர் ஃபோனை எடுத்துக் குழுவில் 'மூணாவது கிராசில் தண்ணீர் வருகிறது' என்று அடித்தான். அதில் எங்கேயாவது குறும்பு ஒளிந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பினான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அனந்தலக்ஷ்மி மாமியிடமிருந்து பதில் வந்தது.

'எங்களுக்கு இன்னும் வரவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.'