தரையில் ஒட்டிய கால்

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்யாண வீடியோ எடுக்கிறவரைக் கட்டிக்கொண்டவளுக்கு ஆடி என்றால், வீட்டுக்காரர் நாள் முழுக்கக் கண்முன்னே நடமாடுவார் என்று அர்த்தம். போன ஆடியில் என் வீட்டுக்காரர் மோகன்குமார் கை சும்மா இருக்க முடியாமல் கேமராவை என் பக்கம் திருப்பினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

நான் போல் வால்ட் ஆடுகிறவள். கோலூன்றித் தாண்டுதல் என்று சான்றிதழில் போடுவார்கள். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் எனக்கு 'மூங்கிலைப் புடிச்சுக் குதிக்கிற புள்ள' என்றுதான் பெயர். அது மூங்கில் இல்லை, போல் என்கிற, கண்ணாடி இழையில் செய்த கம்பு என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பகலில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை. நாள் முழுக்க வெயிலில் விசிலும் கையுமாக நின்றுவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறி, போல் வைத்திருக்கும் கல்லூரி மைதானத்துக்குப் போய்க் குதிக்க வேண்டும். இதற்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை கிடைக்க வேண்டும். அதற்கு மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம் வேண்டும். இந்தச் சித்திரையில் நடந்த போட்டிதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும். போன வருடம் மூன்றாம் இடத்துக்கே மூன்றரை மீட்டர் தேவைப்பட்டது. நான் வெகுகாலமாக மூன்று மீட்டர் நாற்பதிலேயே நின்றுகொண்டிருந்தேன். வெறும் பத்து சென்டிமீட்டர்.

எனக்கென்று கோச் கிடையாது. அதனால் அவர் வீடியோ எடுக்கிறேன் என்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. விழுகிற மெத்தைக்கும் போல் ஊன்றும் குழிக்கும் பக்கவாட்டில் கேமரா முக்காலியைப் போட்டு, கல்யாணப் பெண்ணை எடுப்பதுபோல ஒளி பார்த்து எடுத்தார். திரும்பி வந்ததும் தன் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு ஸ்லோ மோஷன் ஆக்கினார். ஸ்லோ மோஷனில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தாலி கட்டும்போது அட்சதை அந்தரத்தில் நின்று மெல்ல மெல்ல இறங்கும்படி செய்வார். அதைப் பார்ப்பதற்கென்றே வெண்ணந்தூரிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். அதே மாதிரி நானும் அந்தரத்தில் மிதந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஓரிடத்தில் படத்தை நிறுத்தி விரலை வைத்தார்.

"நிலா, இங்க பாரு. போல் நுனி குழியில இடிச்சிருச்சு. உன் கை பின்னால இழுபடுது. ஆனா கால் இன்னும் தரையில ஒட்டியிருக்கு. ஒரு சாண் உள்ள வந்து குதிக்கற."

நானும் பார்த்தேன். கால் தரையில்தான் இருந்தது. போலைப் பிடித்த மேல் கைக்கு நேர் கீழே கால் இருக்கும்போது எழும்ப வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அரிச்சுவடி. குழியை நெருங்கி உள்ளே வந்துவிட்டால் ஓடிவந்த வேகமெல்லாம் வீண். நாலு வருடமாக நான் ஏன் தாண்டவில்லை என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள், ஓட ஆரம்பிக்கும் அடையாளத்தை ஒரு சாண் பின்னால் தள்ளி ஒட்டினோம்.

அங்கிருந்து ஆரம்பித்தது பாடு. பின்னால் தள்ளியதும் கடைசி எட்டை எட்டிப்போட வேண்டியதாயிற்று. எட்டிப்போட்டால் வேகம் செத்துவிடும், போல் நிமிராது, பாதி வழியில் நின்று என்னைத் திரும்ப ஓடுபாதைக்கே தள்ளும். ஐப்பசியில் மூன்று முப்பதுக்கு இறங்கிவிட்டேன். தை பிறந்தபோது மூன்று இருபதே கஷ்டமாக இருந்தது. அவர் விடவில்லை. மறுபடி எடுப்பார், மறுபடி மிதக்க விடுவார், மறுபடி அதே இடத்தில் விரலை வைப்பார்.

"இன்னும் ஒட்டியிருக்கு பாரு. அடையாளத்தை இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளலாங் கண்ணு."

சாப்பிடும்போது வலக்கையில் சோறு, இடக்கையில் போன், போனில் என் கால். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்று சில சமயம் தோன்றும். சண்டை போடலாம்தான். அதற்கும் தெம்பு வேண்டுமே. தப்பு என் காலில்தான் என்று நானும் நம்பினேன். ராத்திரி படுத்தால் கால் மட்டும் எனக்குச் சொந்தமில்லாத ஒன்றாகக் கிடக்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கடையில் உட்கார்ந்திருந்தேன். சென்னம்மாள் என்கிற அம்மா வந்தார். தையில் மகனுக்குக் கல்யாணம் முடித்தவர். வீடியோவை வாங்கிக்கொண்டு போயிருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார்.

"ஏஞ்சாமி, இதென்ன கூத்து. அட்சதை போடறப்ப என் கைக்கு ஆறு விரலு இருக்குது. சம்பந்தி ஊட்ல எல்லாருஞ் சிரிக்கறாங்க."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். உயர்த்திய கையில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல், பாதி கரைந்து நின்றது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அது ஒண்ணுமில்லீங்கம்மா. அந்த எடத்துல நான் எடுத்தது ரெண்டு படந்தான். மெதுவா ஓட்டறதுக்கு நடுவுல படம் பத்தாதில்லீங்களா, கம்ப்யூட்டரே இப்படித்தான் இருந்திருக்கும்னு நெனச்சுப் போட்டுக்கும். வேகமா ஆடற கையின்னா கொஞ்சம் கொழப்பிரும். மாத்திக் குடுக்கறனுங்க."

"சரி சாமி. நாளைக்கு வாரேன்" என்று அந்த அம்மா படியிறங்கிப் போனார். அவர் அடுத்த வேலையை எடுத்து வைத்துக்கொண்டார். சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

"ஏனுங்க, என் காலுங்கூட அது நெனச்சுப் போட்டதுதானுங்களா?"

அவர் திரும்பினார். என்ன கேட்கிறேன் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அப்புறம் ஆடியில் எடுத்த முதல் வீடியோவை, மிதக்க விடுவதற்கு முன்னால் இருந்தபடியே திறந்து, படம் படமாக நகர்த்தினார். ஒரு படத்தில் என் கால் தரையில். மேல் கை அதற்கு நேர் மேலே. போல் நுனி குழியை இன்னும் தொடவில்லை. அடுத்த படத்தில் நுனி குழியில் இருந்தது, கால் தரையை விட்டு நன்றாக எழும்பிவிட்டிருந்தது. நடுவில் எதுவும் இல்லை. அவர் விரல் வைத்த அந்தக் கால், தரையில் ஒட்டிய அந்தக் கால், நான் வைத்ததே இல்லை.

ஆடியிலிருந்து பங்குனி வரைக்கும் இல்லாத ஒரு காலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறோம். இருந்த காலைக் கெடுத்தாயிற்று.

அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "சரியாத்தான குதிச்சிருக்கற" என்றார். "நாந்தான் கெடுத்துப்புட்டேன்." நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கோபம் நெஞ்சுவரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அவர் வேண்டுமென்றா செய்தார். என்மேல் அக்கறை இல்லாத ஒருவருக்கு இத்தனை மாதம் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருந்திருக்காது. அது தெரிந்ததால்தான் இன்னும் களைப்பாக இருந்தது.

"இனிமே எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடையாளத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். டேப்பை உரித்து ஒட்டுவது சுலபம். கால் அத்தனை சீக்கிரம் கேட்குமா. எட்டிப்போட்டுப் பழகியது, குறுக்கச் சொன்னால் தடுமாறியது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் திரும்பியது. அதற்குள் சித்திரை வந்துவிட்டது. போலை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், தெரிந்தவர் லாரியில் தார்ப்பாய்க்கு மேல் கயிறு போட்டுக் கட்டி முந்தின நாளே அனுப்பினோம். என் வீட்டுக்காரர் கேமராவைக் கடையிலேயே பூட்டிவைத்துவிட்டு, வெறுங்கையோடு என்கூட வந்தார்.

போட்டியில் ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. மூன்று முப்பதைக் கடைசி வாய்ப்பில் தாண்டினேன். மூன்று நாற்பதை இரண்டாவதில். நாலு வருடத்துக்கு முந்தைய இடத்துக்கு வந்து சேர்ந்ததற்கே மூச்சு வாங்கியது. தாண்ட வேண்டிய கம்பி மூன்றரைக்கு ஏறியபோது மிச்சமிருந்தது நாலு பேர். மூன்று பேர் தாண்டிவிட்டார்கள். நான் முதல் இரண்டு தடவையும் தவறவிட்டேன்.

மூன்றாவது தடவை ஓடும்போது எதையும் யோசிக்கவில்லை, அதற்குச் சத்தும் இல்லை. கால் தானாக வந்து விழுந்தது, விழுந்ததும் எழும்பிவிட்டது. போல் வளைந்து என்னைத் தூக்கியது. தலைகீழாகப் போனேன். இடுப்பு கம்பிக்கு மேலே, நன்றாக மேலே போனது. கம்பிக்கு அந்தப் பக்கம் திரும்பியும் விட்டேன். அத்தனை உயரத்தில் நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. இறங்கும்போது நெஞ்சு உரசியது. மெத்தையில் விழுந்து மேலே பார்த்தால் கம்பி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். விழுந்துவிட்டது.

நாலாவது இடம். நாலாவது இடத்துக்குக் கைதட்டல் மட்டும்தான். வேலையும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை.

வேலி ஓரத்தில் அவர் என் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தேன். பதக்கம் போனது போகட்டும், அந்தத் தாண்டலைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. அது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

"கடைசியாக் குதிச்சது எப்படிங்க இருந்துச்சு?"

அவர் ஷூவை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"கம்பிக்கு மேல எவ்வளவு போனேன்? ஒரு சாண் இருக்குமுங்களா?"

"தெரியல கண்ணு."

"தெரியலைன்னா?"

"நான் பார்க்கல" என்றார். "நான் பார்த்தாலே உனக்குக் கெட்டுப்போகுதுன்னு, நீ ஓட ஆரம்பிச்சதும் கண்ணை மூடிக்கிட்டேன். கம்பி விழுந்த சத்தங் கேட்டுத்தான் தொறந்தேன்."

இல்லாத காலை எட்டு மாதம் கண்கொட்டாமல் பார்த்த மனுஷன், நான் மேலே இருந்த அந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். அதுவரைக்கும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். நான் வாங்கிக் குடித்துவிட்டு, ஓட ஆரம்பித்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.